கேஷில் ஒரு தொகுதி எங்கே அமரும்? முகவரியிலிருந்து கணக்கிடும் முறை

ப்ராசசர் ஒரு முகவரியில் உள்ள தரவைக் கேட்கும்போது, அது கேஷில், அதாவது பிரதான நினைவகத்துக்கு முன்னால் வைக்கப்படும் விரைவான சிறிய நினைவகத்தில், இருக்கிறதா இல்லையா என்பதற்கு மிக விரைவாக விடை கிடைத்தாக வேண்டும். இன்றைய மேசைக்கணினி ப்ராசசர்களில் கேஷ் பல நிலைகளாக இருக்கிறது; ப்ராசசருக்கு மிக அருகில் உள்ள முதல் நிலைக் கேஷிலிருந்து தரவைப் பெற ஏறக்குறைய 4 அல்லது 5 கடிகாரச் சுழற்சிகள் ஆகின்றன. பிரதான நினைவகம் வரை போய்வர நூற்றுக்கணக்கான சுழற்சிகள் ஆகலாம். 64 பைட் தொகுதிகளைக் கொண்ட 32 கிலோபைட் கேஷில் 512 தொகுதிகள் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தால் கேஷ் வைத்ததன் பயனே போய்விடும். ஆகவே, நினைவகத்தின் எந்தத் தொகுதி கேஷின் எந்த இடத்தில் அமரலாம் என்பதற்கு முன்கூட்டியே ஒரு விதியை வகுத்துவிடுகிறார்கள். அந்த விதியைத்தான் மேப்பிங், அதாவது பொருத்துமுறை என்கிறோம்.

பாடநூல்கள் இதை நேரடிப் பொருத்தம், முழு அசோசியேட்டிவ், செட் அசோசியேட்டிவ் என மூன்று தனித்தனி முறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சூத்திரத்தைத் தருகின்றன. புதிதாகக் கற்பவர்கள் மூன்றையும் மனப்பாடம் செய்து, தேர்வில் ஒன்றை மற்றொன்றோடு குழப்பிக்கொள்வது மிகவும் வருத்தமளிக்கிறது. ஏனெனில் மூன்றுக்கும் அடிப்படை ஒரே ஒரு வகுத்தல் கணக்கு. தொகுதி எண்ணை ஓர் எண்ணால் வகுக்கிறோம். மீதி இடத்தைச் சொல்கிறது, ஈவு அடையாளத்தைச் சொல்கிறது. எந்த எண்ணால் வகுக்கிறோம் என்பது மட்டுமே முறைக்கு முறை மாறுகிறது. இக்கட்டுரை அந்த ஒரு கணக்கையே படிப்படியாகச் செய்து காட்டுகிறது. தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உடன் கணக்கிட்டுவந்தால் நன்றாக மனத்தில் பதியும்.

படி 1: முகவரியிலிருந்து தொகுதி எண்ணைக் கண்டறிதல்

கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு ஒரு சிறிய கணினியை வைத்துக்கொள்வோம். அதன் பிரதான நினைவகம் 64 கிலோபைட். எனவே முகவரி 16 பிட் கொண்டது. கேஷின் அளவு 1 கிலோபைட், அதாவது 1024 பைட். ஒரு தொகுதியின் அளவு 16 பைட்.

கேஷ் ஒருபோதும் ஒற்றை பைட்டைக் கொண்டுவருவதில்லை. அந்த பைட் அடங்கிய தொகுதி முழுவதையும் கொண்டுவருகிறது. ஒரு பைட்டைப் பயன்படுத்திய நிரல் அடுத்து அதன் அருகில் உள்ள பைட்டைக் கேட்பதற்கே வாய்ப்பு அதிகம் என்பதால் இந்த ஏற்பாடு. ஆகவே நினைவகத்தை 16 பைட் துண்டுகளாகப் பிரித்து 0, 1, 2 என எண்ணிட்டுக்கொள்ள வேண்டும். நம் கணினியில் இத்தகைய தொகுதிகள் 4096 இருக்கும். கேஷிலோ 1024 ஐ 16 ஆல் வகுக்க வரும் 64 இடங்கள்தாம் உண்டு. ஒரு தொகுதி அமரும் அளவுள்ள அந்த இடத்தைக் கேஷ் வரி என்பார்கள்.

இப்போது 10868 என்ற முகவரியை எடுத்துக்கொள்வோம். அதை 16 ஆல் வகுத்தால் ஈவு 679, மீதி 4. நாம் தேடும் பைட் 679ஆம் தொகுதியில், தொடக்கத்திலிருந்து 4 பைட் தள்ளி இருக்கிறது என்பது இதன் பொருள். இந்த மீதிக்கு ஆஃப்செட் என்று பெயர். கேஷின் எந்த வரியில் தேடுவது என்பதில் ஆஃப்செட்டுக்கு எந்தப் பங்கும் இல்லை; வரி கிடைத்தபின் அதற்குள் எந்த பைட்டை எடுப்பது என்பதற்கு மட்டுமே அது தேவை. பொருத்துமுறைக் கணக்குகளில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, முகவரியையே நேராகக் கேஷ் வரிகளின் எண்ணிக்கையால் வகுத்துவிடுவதால் வருகின்றன. முதலில் தொகுதி எண், பிறகுதான் மற்றவை என்ற வரிசையை விட்டு விலகாதீர்கள்.

படி 2: மீதியும் ஈவும், அதாவது இண்டெக்ஸும் டேகும்

நேரடிப் பொருத்தத்தில் தொகுதி எண்ணைக் கேஷ் வரிகளின் மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 679 ஐ 64 ஆல் வகுத்தால் ஈவு 10, மீதி 39. ஆகவே 679ஆம் தொகுதி கேஷில் இருந்தால் 39ஆம் வரியில்தான் இருக்க முடியும். வேறெங்கும் தேட வேண்டியதில்லை. இந்த 39 என்பதே இண்டெக்ஸ்.

ஆனால் 39ஆம் வரியில் அமரும் உரிமை 679ஆம் தொகுதிக்கு மட்டும் உரியதன்று. 39, 103, 167 என 64 கூடிக்கொண்டே செல்லும் அத்தனை தொகுதிகளும் அதே வரிக்கு வரக்கூடியவை. நம் கணினியில் அத்தகைய தொகுதிகள் 64 உள்ளன. இப்போது அங்கே இருப்பது எது என்று தெரிய, அதன் ஈவை வரியின் பக்கத்திலேயே எழுதிவைக்கிறார்கள். அதுவே டேக். 679ஆம் தொகுதிக்கு டேக் 10. இதனுடன், வரியில் இருக்கும் தரவு செல்லத்தக்கதா என்பதைக் காட்டும் ஒரு பிட்டும் உண்டு. கணினியை இயக்கியவுடன் கேஷில் கிடக்கும் பொருளற்ற பிட்டுகளை உண்மையான தரவு என எடுத்துக்கொள்ளாமல் இருக்க அது அவசியம்.

இந்த வகுத்தலை வன்பொருள் உண்மையில் செய்வதில்லை. 16, 64 ஆகிய இரண்டும் 2 இன் அடுக்குகள் என்பதால், முகவரியின் பிட்டுகளை வெட்டிப் பிரித்தாலே போதும். ஈவும் மீதியும் தாமாகக் கிடைத்துவிடும். 10868 ஐ இரும எண்ணாக எழுதினால் 0010101001110100. அதை இடமிருந்து 6, 6, 4 பிட்டுகளாகப் பிரித்தால் 001010, 100111, 0100 என்று வரும். அவற்றின் மதிப்புகள் முறையே 10, 39, 4. நாம் கையால் கணக்கிட்ட டேகும் இண்டெக்ஸும் ஆஃப்செட்டும் இவையே. கேஷின் செட் (வரிகளின் குழு; படி 4இல் காண்போம்) எண்ணிக்கையும் தொகுதியின் அளவும் ஏறக்குறைய எப்போதும் 2 இன் அடுக்காக இருப்பதற்கு இதுவே காரணம்; கம்பிகளைப் பிரித்துவிடும் வேலைக்கு நேரம் எதுவும் ஆவதில்லை.

ஆக, ப்ராசசர் 10868 ஐக் கேட்டதும் கேஷ் 39ஆம் வரியைத் திறக்கிறது. செல்லத்தக்க பிட் 1 ஆக இருக்கிறதா, டேக் 10 ஆக இருக்கிறதா என்று ஒப்பிடுகிறது. இரண்டும் பொருந்தினால் ஹிட், இல்லையேல் மிஸ். மிஸ் ஆனால் 679ஆம் தொகுதி முழுவதும் கொண்டுவரப்பட்டு, 39ஆம் வரியில் இருந்தது வெளியேற்றப்பட்டு, டேக் 10 என்று மாற்றி எழுதப்படுகிறது. வெளியேறும் தொகுதி இதற்கிடையே திருத்தப்பட்டிருந்தால் அதை முதலில் நினைவகத்துக்குத் திருப்பி எழுதவேண்டிவரும். அதன் முகவரி எங்கும் தனியாகச் சேமிக்கப்படவில்லையே என்ற ஐயம் எழலாம். டேகை 64 ஆல் பெருக்கி வரி எண்ணைக் கூட்டினால் தொகுதி எண் திரும்பக் கிடைத்துவிடும்: பத்தை 64 ஆல் பெருக்கி 39 ஐக் கூட்டினால் 679.

இண்டெக்ஸ் ஏன் நடு பிட்டுகளிலிருந்து எடுக்கப்படுகிறது?

இக்கேள்வியைப் பலரும் கேட்காமலே கடந்துபோகிறார்கள். ஆனால் பொருத்துமுறையின் உயிர் இதில்தான் இருக்கிறது. முகவரியின் மேல் 6 பிட்டுகளை இண்டெக்ஸாகவும், நடுவில் உள்ள 6 பிட்டுகளை டேகாகவும் வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? அப்போதும் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு வரி உறுதியாகக் கிடைக்கும். டேக் ஒப்பீடும் சரியாகவே நடக்கும். ஆனால் நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கும் 64 தொகுதிகளுக்கும் மேல் பிட்டுகள் ஒன்றாகவே இருப்பதால், அவை அனைத்தும் ஒரே வரியைக் கேட்டு வந்து நிற்கும். 1024 பைட் கொண்ட ஓர் அணியை, அதாவது நினைவகத்தில் அடுத்தடுத்து வைக்கப்பட்ட தரவுத் தொடரை, மீண்டும் மீண்டும் வாசிக்கும் நிரலுக்கு, 63 வரிகள் வெறுமையாகக் கிடக்க, ஒற்றை வரி மட்டும் மாறி மாறி நிரம்பும். தொகுதி எண்ணின் கீழ்ப்பக்க பிட்டுகளை, அதாவது முகவரியின் நடு பிட்டுகளை, இண்டெக்ஸாக எடுத்தால் அதே 64 தொகுதிகளும் 64 வரிகளில் ஆளுக்கொன்றாகப் பரவி அமர்கின்றன.

இந்த எண்ணம் மிகப் பழமையானது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ் 1965இல் வெளியிட்ட சிறு கட்டுரையில், மெதுவான பெரிய நினைவகத்துக்கு முன்னால் விரைவான சிறிய நினைவகம் ஒன்றை வைத்து, முகவரியின் கீழ் பிட்டுகளால் இடத்தைத் தேர்ந்து, எஞ்சிய பிட்டுகளை டேகாகச் சேமிக்கும் முறையை விவரித்தார். 1968இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம்/360 மாடல் 85 கேஷுடன் விற்பனைக்கு வந்த முதல் கணினியாக அமைந்தது.

படி 3: மோதலைக் கண்ணால் காணுதல்

நேரடிப் பொருத்தம் எளிமையானது, விரைவானது. அதன் குறையை ஓர் எடுத்துக்காட்டால் உணர்ந்துகொள்வது நல்லது. 4 பைட் எண்கள் நூறு கொண்ட இரண்டு அணிகள் நம்மிடம் உள்ளன என்று கொள்வோம். முதல் அணி 4096 என்ற முகவரியிலும், இரண்டாவது அணி 8192 என்ற முகவரியிலும் தொடங்குகின்றன. நிரல் முதல் அணியின் முதல் எண்ணையும் இரண்டாவது அணியின் முதல் எண்ணையும் பெருக்கிக் கூட்டுகிறது. பிறகு இரண்டாவது எண்கள், மூன்றாவது எண்கள் என்று தொடர்கிறது.

4096 இருப்பது 256ஆம் தொகுதியில். 8192 இருப்பது 512ஆம் தொகுதியில். 64 ஆல் வகுத்தால் இரண்டுக்கும் மீதி 0. முதல் அணியின் எண்ணை வாசித்ததும் 0ஆம் வரியில் 256ஆம் தொகுதி வந்து அமர்கிறது. உடனே இரண்டாவது அணியின் எண் தேவைப்படுவதால் அது வெளியேறி 512ஆம் தொகுதி அமர்கிறது. அடுத்த சுற்றில் முதல் அணியின் இரண்டாவது எண் தேவை. அது சற்றுமுன் வெளியேற்றிய அதே தொகுதியில்தான் இருந்தது. இவ்வாறு 200 வாசிப்புகளும் 200 மிஸ்களாக முடிகின்றன. ஒரு தொகுதியில் நான்கு எண்கள் இருந்தும் அந்த வசதியை ஒருமுறைகூடப் பயன்படுத்த முடியவில்லை. கேஷில் மற்ற வரிகள் காலியாக இருந்தும் அவற்றால் உதவ முடியவில்லை.

இரண்டாவது அணியை 16 பைட் தள்ளி 8208இல் தொடங்கினால், அதன் முதல் தொகுதி 513 ஆகிறது, மீதி 1. மோதல் நீங்கிவிடுகிறது. ஒவ்வோர் அணியும் 25 தொகுதிகள் கொண்டது என்பதால் மொத்தம் 50 மிஸ்கள் மட்டுமே நேர்கின்றன. எஞ்சிய 150 வாசிப்புகளும் ஹிட். நிரலில் ஒரு வரியும் மாறவில்லை, கேஷின் அளவும் மாறவில்லை. இத்தகைய இழப்பை மோதல் மிஸ் என்று மார்க் ஹில் 1980களில் வகைப்படுத்தினார். முதன்முறை தொடுவதால் வரும் தவிர்க்க முடியாத மிஸ், கேஷின் கொள்ளளவு போதாமையால் வரும் மிஸ் ஆகியவை அவருடைய மற்ற இரு வகைகள்.

படி 4: வகுக்கும் எண்ணை மாற்றுதல்

நேரடிப் பொருத்தத்துக்கு நேர் எதிர்முனையில் இருப்பது முழு அசோசியேட்டிவ் முறை. இதில் எந்தத் தொகுதியும் எந்த வரியிலும் அமரலாம். நம் கணக்கின் மொழியில் சொன்னால், தொகுதி எண்ணை 1 ஆல் வகுக்கிறோம்: மீதி எப்போதும் 0, ஆகவே இண்டெக்ஸ் பிட் எதுவும் இல்லை; ஈவு தொகுதி எண்ணேதான், ஆகவே 12 பிட்டுகளும் டேகாகின்றன. மோதல் மிஸ் என்பதே இல்லாமல் போகிறது. ஆனால் 64 டேகுகளையும் ஒரே நேரத்தில் ஒப்பிட 64 ஒப்பீட்டு மின்சுற்றுகள் வேண்டும். பெரிய கேஷ்களுக்கு இது இடத்தாலும் மின்சாரத்தாலும் கட்டுப்படியாகாது.

இங்கே ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். முழு அசோசியேட்டிவ் முறை எல்லா நேரத்திலும் மேலானது என்று பலர் எண்ணுகிறார்கள், அது சரியன்று. 0 முதல் 64 வரையுள்ள 65 தொகுதிகளை ஒரு நிரல் வரிசையாகத் திரும்பத் திரும்பத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிக நெடுநேரம் தொடப்படாததை வெளியேற்றும் விதியைப் பின்பற்றும் முழு அசோசியேட்டிவ் கேஷில், அடுத்து எது தேவையோ சரியாக அதுவே சற்றுமுன் வெளியேறியிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் 65 மிஸ்கள். நேரடிப் பொருத்தத்திலோ 0ஆம் தொகுதியும் 64ஆம் தொகுதியும் மட்டுமே மோதிக்கொள்வதால், முதல் சுற்றுக்குப் பின் சுற்றுக்கு 2 மிஸ்கள்தாம்.

இவ்விரு முனைகளுக்கும் இடையில் இருப்பதே செட் அசோசியேட்டிவ் முறை. வரிகளைச் சம அளவுள்ள செட்களாகக் கட்டுகிறார்கள். தொகுதி எண்ணைச் செட்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். மீதி எந்தச் செட் என்பதைச் சொல்கிறது, அந்தச் செட்டுக்குள் எந்த வரியிலும் தொகுதி அமரலாம். ஒரு செட்டில் எத்தனை வரிகள் உள்ளனவோ அத்தனை வழி கேஷ் என்று பெயர்.

நம் 64 வரிகளை இரு வழியாகக் கட்டினால் 32 செட்கள். 679 ஐ 32 ஆல் வகுத்தால் ஈவு 21, மீதி 7. எனவே 7ஆம் செட், டேக் 21. முகவரி இப்போது 7, 5, 4 பிட்டுகளாகப் பிரிகிறது. நான்கு வழியாகக் கட்டினால் 16 செட்கள். ஈவு 42, மீதி 7. பிரிவு 8, 4, 4. வழிகள் இரட்டிக்கும்போதெல்லாம் இண்டெக்ஸிலிருந்து ஒரு பிட் டேகுக்கு இடம் மாறுகிறது, ஒப்பீட்டு மின்சுற்றுகளும் இரட்டிக்கின்றன. மேலே கண்ட இரண்டு அணிகளின் எடுத்துக்காட்டை இரு வழிக் கேஷில் செய்துபாருங்கள்: 256, 512 ஆகிய இரண்டு தொகுதிகளும் 0ஆம் செட்டின் இரண்டு வரிகளிலும் அருகருகே அமர்கின்றன. அணியை நகர்த்தாமலே 200 மிஸ்கள் 50 ஆகக் குறைகின்றன.

செட் நிரம்பியிருக்கும்போது யாரை வெளியேற்றுவது என்ற கேள்வி நேரடிப் பொருத்தத்தில் எழுவதில்லை, இங்கே எழுகிறது. இரு வழிக் கேஷில் கடைசியாகத் தொடப்பட்டது எது என்பதை நினைவில் வைக்கச் செட்டுக்கு ஒரு பிட் போதும். எட்டு வழிகளின் துல்லியமான வரிசையை வைத்திருக்க, 40320 வரிசைகளை வேறுபடுத்தும் 16 பிட்டுகள் வேண்டும். அதனால் மர வடிவில் 7 பிட்டுகளைக் கொண்டு தோராயமாக மதிப்பிடும் முறைகளே வழக்கத்தில் அதிகம். 1989இல் வந்த இன்டெல் 486 ப்ராசசரின் 8 கிலோபைட் நான்கு வழிக் கேஷ், செட்டுக்கு 3 பிட்டுகளை மட்டுமே வைத்து இந்த வேலையைச் செய்தது.

படி 5: உண்மையான ஒரு கேஷில் பொருத்திப் பார்த்தல்

2015இல் வெளிவந்த இன்டெல் ஸ்கைலேக் ப்ராசசரின் முதல் நிலைத் தரவுக் கேஷ் 32 கிலோபைட், எட்டு வழி, 64 பைட் வரி கொண்டது. வரிகள் 512, செட்கள் 64. ஆஃப்செட்டுக்கு 6 பிட், இண்டெக்ஸுக்கு 6 பிட், இரண்டும் சேர்ந்து 12 பிட்.

இந்த 12 தற்செயலாக வந்த எண்ணன்று. அந்த ப்ராசசர்களில் நினைவகப் பக்கத்தின், அதாவது இயங்குதளம் நினைவகத்தைப் பிரித்து ஒதுக்கும் துண்டின், வழக்கமான அளவு 4096 பைட். அதாவது நிரல் பயன்படுத்தும் மெய்நிகர் முகவரியை நினைவகத்தின் உண்மை முகவரியாக மாற்றும்போது கீழ் 12 பிட்டுகள் மாறுவதே இல்லை. எனவே முகவரி மாற்றம் முடியும்வரை காத்திராமல், அதே நேரத்தில் கேஷ் தன் செட்டைத் திறந்து, டேகுகளைத் தயாராக வைத்துக்கொள்ள முடிகிறது. இந்த வசதியைக் காத்துக்கொள்ள வேண்டுமானால் ஒரு வழியின் அளவு ஒரு பக்கத்தின் அளவைத் தாண்டக்கூடாது. எட்டு வழிகளை 4 கிலோபைட்டால் பெருக்கினால் 32 கிலோபைட். 2019இல் ஐஸ் லேக் ப்ராசசரில் இந்தக் கேஷை 48 கிலோபைட்டாகப் பெரிதாக்கியபோது, செட்களை 64 ஆகவே வைத்துக்கொண்டு வழிகளை 12 ஆக உயர்த்தினார்கள். பொருத்துமுறையின் ஓர் எண் இயங்குதளத்தின் பக்க அளவோடு இத்தனை நெருக்கமாகப் பின்னிக்கிடப்பது, இத்துறையின் அழகான செய்திகளில் ஒன்று என்றே கருதுகிறேன்.

நிரல் எழுதுபவருக்கு இதனால் நேரும் விளைவு ஒன்றுண்டு. சி மொழியில் 256 வரிசைகளும் 1024 நெடுவரிசைகளும் கொண்ட ஓர் அணியில் 4 பைட் எண்கள் இருக்கின்றன என்று கொள்வோம். ஒரு வரிசையின் நீளம் 4096 பைட், அதாவது சரியாக 64 தொகுதிகள். நெடுவரிசை வழியாக மேலிருந்து கீழே போனால், ஒவ்வோர் அடியிலும் தொகுதி எண் 64 கூடுகிறது. 64 ஆல் வகுத்தால் மீதி மாறுவதில்லை. ஒரு நெடுவரிசையின் 256 தொகுதிகளும் ஒரே செட்டின் எட்டு இடங்களுக்குப் போட்டியிடுகின்றன. அடுத்த நெடுவரிசைக்கு வரும்போது, பயன்பட்டிருக்க வேண்டிய தொகுதிகள் எப்போதோ வெளியேறியிருக்கும். துல்லியமான வெளியேற்ற விதியும், முன்கூட்டியே தரவைக் கொண்டுவரும் வசதி இல்லாத நிலையும் இருப்பதாக எடுத்துக்கொண்டால், முதல் 16 நெடுவரிசைகளின் 4096 வாசிப்புகளும் முதல் நிலைக் கேஷில் மிஸ் ஆகும்.

ஒவ்வொரு வரிசையின் இறுதியிலும் பயன்படுத்தாத 16 எண்களைச் சேர்த்து, வரிசையின் நீளத்தை 1040 எண்களாக ஆக்குங்கள். இப்போது வரிசை 65 தொகுதிகள் நீளமுடையது. ஒவ்வோர் அடியிலும் செட் எண் ஒன்று கூடுகிறது. 256 தொகுதிகள் 64 செட்களிலும் நான்கு நான்காகப் பரவி, எட்டு வழிகளுக்குள் வசதியாக அடங்கிவிடுகின்றன. அணி ஒரு தொகுதியின் தொடக்கத்தில் அமைந்திருந்தால், அதே 4096 வாசிப்புகளுக்கு 256 மிஸ்கள் மட்டுமே. அணியை வரிசை வழியாக வாசிக்க முடிந்தால் அதுவே முதல் தேர்வு என்பதில் ஐயமில்லை; நெடுவரிசையில்தான் செல்ல வேண்டும் என்ற கட்டாயம் இருக்கும் இடங்களுக்கே இந்த நீட்டிப்பு.

உங்கள் கணினியில் பார்ப்பது எப்படி?

லினக்ஸில் எல்எஸ்சிபியூ என்ற கட்டளையுடன் ஒரு சிறுகோடும் பெரிய சி எழுத்தும் சேர்த்து இயக்கினால், ஒவ்வொரு நிலைக் கேஷுக்கும் வழிகளின் எண்ணிக்கை, செட்களின் எண்ணிக்கை, வரியின் அளவு ஆகியவை அட்டவணையாக வரும். முதலில் மூன்றையும் பெருக்கி, காட்டப்படும் கேஷ் அளவோடு ஒத்துவருகிறதா என்று சரிபாருங்கள். பிறகு வரியின் அளவைச் செட்களின் எண்ணிக்கையால் மட்டும் பெருக்குங்கள். வருவதுதான் ஆபத்தான இடைவெளி. இவ்வளவு பைட் இடைவெளியில், அல்லது அதன் மடங்குகளில், தரவைத் தொடும் நிரல் ஒரே செட்டை முட்டிக்கொண்டிருக்கும். ஸ்கைலேக்கின் முதல் நிலைக்கு அது 4096.

முதல் இரண்டு நிலைகளுக்கு இக்கணக்கை அப்படியே நம்பலாம். ஆனால் இரண்டாம் நிலையின் இண்டெக்ஸ் பக்க எல்லையைத் தாண்டிய பிட்டுகளையும் எடுத்துக்கொள்வதால், அங்கே இயங்குதளம் ஒதுக்கிய உண்மை முகவரியை வைத்தே கணக்கிட வேண்டும். கடைசி நிலைக் கேஷுக்கு இது பொருந்தாது: 2011இல் வந்த சாண்டி பிரிட்ஜ் முதலாக இன்டெல் ப்ராசசர்கள் கடைசி நிலைக் கேஷைப் பல துண்டங்களாகப் பிரித்து, எந்தத் துண்டம் என்பதை முகவரியின் பல பிட்டுகளைக் கலந்து கணக்கிடும் ஒரு ஹாஷ் மூலம் முடிவுசெய்கின்றன. அங்கே சீரான இடைவெளியில் வரும் முகவரிகளும் துண்டங்களில் சிதறி அமர்வதால், வெறும் மீதியை வைத்துக்கொண்டு ஒரு தொகுதியின் இடத்தைச் சொல்லிவிட முடியாது.